செயற்கை ஈரநிலத்தில் ஊர்க் கழிவுநீர்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவின் பேரூராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் கழிவுநீர்த் திட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஜல்லியும் நாணலும் கொண்ட படுகைகளைக் குறித்து ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வார்டு உறுப்பினர்களும் விவசாயிகளும் படுகை அமையவிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் கேட்டவற்றை, இயன்றவரை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் யாவும் பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பேரூராட்சியை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை.

செயற்கை ஈரநிலம் என்றால் குளத்தில் நாணலை நட்டு, அதில் சாக்கடையைத் திருப்பிவிடுவதுதானே?

இல்லை. குளத்தில் தண்ணீர் தன் போக்கில் தேங்கும். இங்கே எந்தத் துளியும் எவ்வழியாகப் போக வேண்டும், எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். நம் ஊர்களுக்கு அதிகம் பொருந்துவது கிடைப் படுகை. கீழே நீர் கசியாத தளம், அதன்மேல் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கழுவிய ஜல்லி, அதில் வேரூன்றிய நாணல் அல்லது சம்பு. கழிவுநீர் ஒரு முனையில் நுழைந்து ஜல்லிக்குள்ளேயே மெல்ல ஊர்ந்து மறுமுனையில் வெளியேறும். தண்ணீரின் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஓரிரு அங்குலம் கீழேயே நிற்பதால், மேலிருந்து பார்ப்பவருக்குச் செடிகளும் உலர்ந்த கற்களுமே தெரியும்.

செங்குத்துப் படுகை என்பது வேறு. அதில் கழிவுநீரை மேற்பரப்பு முழுவதும் விட்டுவிட்டுப் பாய்ச்சுவார்கள். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஜல்லிக்குள் காற்று புகும். தண்ணீர் வெளிப்படையாக நிற்கும் திறந்த படுகைகளும் உண்டு. இப்பக்கத்தில் குறிப்பாகச் சொல்லாத இடங்களில் ‘படுகை’ என்றால் கிடைப் படுகை என்றே கொள்ளவும்.

அழுக்கைச் சாப்பிடுவது செடியா, கல்லா?

இரண்டும் இல்லை, கல்லின்மேல் வழவழப்பான படலமாகப் படியும் பாக்டீரியாக்களே. கரைந்திருக்கும் கரிமப் பொருளை அவை தின்று தீர்க்கின்றன. மிதந்துவரும் நுண்துகள்கள் ஜல்லியின் இடுக்குகளில் சிக்கிச் சிதைகின்றன. ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950களில் நீர்த்தாவரங்களைக் கொண்டு இத்தகைய சோதனைகளைத் தொடங்கியபோது செடிகளின் மீதே கவனம் இருந்தது. பிந்தைய அளவீடுகளோ, ஊர்க் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனில் செடி தன் உடலுக்கு எடுத்துக்கொள்வது சிறு பங்கே என்று காட்டின. அதற்காகச் செடி வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. வேர்கள் கிருமிகள் ஒட்டி வாழ இடம் தருகின்றன, சிறிதளவு ஆக்சிஜனைக் கீழே கொண்டுசெல்கின்றன, மேற்பரப்பு இறுகிப்போகாமல் காக்கின்றன.

செப்டிக் டேங்க் கட்டாமல் சாக்கடையை நேராகப் படுகைக்குள் விட்டால் செலவு குறையுமே?

குறைவது ஓராண்டுச் செலவு; அழிவது படுகை. கம்பிவலை, மணல் பிடிக்கும் தொட்டி, கசடு படியும் தொட்டி ஆகிய மூன்றையும் கடந்த நீரே ஜல்லிக்குள் நுழைய வேண்டும். தடுப்புச் சுவர்களுக்கு மேலும் கீழுமாக நீரை ஏற்றி இறக்கும் அறைத்தொட்டியாகக் கசடுத் தொட்டியை அமைத்தால் சுமை இன்னும் கூடுதலாகக் குறையும். பிரான்ஸ் நாட்டுச் சிற்றூர்களில் வலை மட்டும் கடந்த கழிவுநீரை நேரடியாக ஏற்கும் செங்குத்துப் படுகைகள் ஏராளமாக உள்ளன என்பது உண்மைதான். ஆனால் அங்கே பல படுகைகளை அடுத்தடுத்து அமைத்து, ஒன்றில் சில நாள் பாய்ச்சி, பிறகு அதற்கு ஓய்வு கொடுத்து அடுத்ததற்கு மாற்றுகிறார்கள். அந்த முறைமாற்றத்தை ஆண்டு முழுவதும் தவறாமல் செய்ய ஆளில்லாத ஊர் அதைப் பின்பற்றக் கூடாது.

பத்தாயிரம் பேருக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது நாட்டின் வடிவமைப்பு நெறி. அதில் 80 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். அந்நீரில் ஒருவரின் பங்காக வரும் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிம அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு, 27 கிராம். கசடுத் தொட்டியில் 30 விழுக்காடு குறைந்தால் எஞ்சுவது 19 கிராம். ஒரு சதுர மீட்டர் கிடைப் படுகை நாளொன்றுக்கு 10 கிராம் வரை தாங்கும் என்று கொண்டால் ஆளுக்கு 1.9 சதுர மீட்டர் ஆகிறது. குளிர்நாடுகளில் 5 சதுர மீட்டர் வரை ஒதுக்குவார்கள். நம் வெயிலில் கிருமிகள் சுறுசுறுப்பாக இருப்பதால் அவ்வளவு தேவையில்லை.

ஆகவே பத்தாயிரம் பேருக்கு 19,000 சதுர மீட்டர் ஜல்லிப் படுகை, அதாவது 4.7 ஏக்கர், நம் கணக்கில் ஏறத்தாழ 14 மா. கரைகள், தொட்டிகள், வண்டி போகும் பாதை, கிருமி நீக்கும் கடைசிக் குளம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வேலி (20 மா, ஏறத்தாழ ஆறரை ஏக்கர்). ‘பத்தாயிரம் தலைக்கு ஒரு வேலி’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் சரிபார்த்துவிடலாம்.

இன்னொரு கணக்கை மதிப்பீட்டுக்காரர்கள் சில சமயம் மெல்லக் கடந்துவிடுகிறார்கள். 19,000 சதுர மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 11,400 கன மீட்டர் ஜல்லி, அதாவது ஏறத்தாழ நான்காயிரம் யூனிட். வண்டல் பூமியான டெல்டாவில் கல் கிடையாது. புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில் வர வேண்டும். நிலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் இத்திட்டத்தை மலிவென்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இதுவே.

அந்த ஒரு வேலிக்கு எங்கே போவது? நன்செய்யை எடுத்துக்கொள்வீர்களா?

நன்செய்யை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. நெல் விளையும் நிலத்தை அழித்துக் கட்டிய படுகைக்கு ஊரில் ஒருவரும் காவலாக நிற்க மாட்டார்கள். குளத்தையும் ஏரியையும் பாதி தூர்த்துக் கட்டுவது அதைவிடத் தவறு. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நீதிமன்றம் வரை போகும். பயன்பாட்டிலிருந்து விலகிய உரக்கிடங்கு, செங்கல் சூளைக்கு மண்ணெடுத்துப் பள்ளமாகிப்போன இடம், ரயில் பாதைக்கும் வடிகாலுக்கும் இடைப்பட்ட பயன்படாத் துண்டுகள் ஆகியவற்றையே முதலில் தேட வேண்டும். ஒரே இடத்தில் முழுவதும் கிடைக்காவிட்டால் ஊரின் இரண்டு மூன்று வடிகால் முனைகளில் பிரித்துக் கட்டலாம். டெல்டாவின் தட்டையான தரையில் எல்லாக் கழிவுநீரையும் ஓரிடத்துக்குக் கொண்டுவர ஆழமான குழாய்களும் இடைநிலைப் பம்புகளும் தேவைப்படுவதால், பிரித்துக் கட்டுவதே பல ஊர்களில் மலிவாகவும் முடியும்.

கொசு பெருகி யானைக்கால் திரும்பி வந்தால் யார் பொறுப்பு?

கும்பகோணம் வட்டாரத்தின் முதியவர்கள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரையே தேடி முட்டையிடும். கிடைப் படுகையில் தண்ணீர் ஜல்லிக்குக் கீழே மறைந்திருப்பதால் அதற்கு முட்டையிட இடமில்லை. படுகை அடைத்துக்கொண்டு மேலே தண்ணீர் தேங்கத் தொடங்கும் நாளில் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. எனவே கொசுவைப் பற்றிய கேள்வி உண்மையில் பராமரிப்பைப் பற்றிய கேள்வியே. திறந்த படுகைகளைக் குடியிருப்பை ஒட்டி அமைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கசடுத் தொட்டியின் மூடி இடைவெளிகளையும் காற்றுக் குழாய்களின் வாயையும் வலையிட்டு மூடுவது அவசியம். பல இடங்களில் கொசு வருவது படுகையிலிருந்து அன்று, அங்கிருந்துதான்.

நாற்றம் அடிக்குமா?

கசடுத் தொட்டியைத் திறக்கும் நாளில் அடிக்கும். படுகையின்மேல் நாள்தோறும் அடித்தால் அது கோளாறின் அறிகுறி.

வெங்காயத்தாமரை வாய்க்கால் முழுவதும் சும்மா கிடக்கிறதே, அதையே விட்டால் என்ன?

அது மிதக்கும் செடி, ஜல்லியில் நிற்காது. திறந்த குளத்தில் அதைக் கொண்டு நீரைத் தெளிவாக்க முடியும் என்றாலும், பெருகும் வேகத்துக்கு வாரந்தோறும் அள்ளியெடுக்க ஆள் வேண்டும். அள்ளாமல் விட்டால் அழுகி, உறிஞ்சியதையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு வெள்ளத்தில் தப்பினால் மதகு மதகாகப் போய் அடைக்கும். நீர்வளத் துறை ஆண்டுதோறும் தூர்வாரும் அதே செடியை நாமே வளர்த்துக் கொடுப்பது எவ்வகையிலும் முறையாகாது. நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் இதே பதில்தான்.

ஆற்றங்கரையில் இயல்பாக வளரும் நாணல், சம்பு, கோரை ஆகியவை போதும். வேர்த்தண்டோடு தோண்டியெடுத்து, சதுர மீட்டருக்கு நான்கைந்து வீதம் நட்டு, முதல் சில வாரங்கள் தண்ணீர் மட்டத்தை உயர்த்தி வைத்து, வேர் பிடித்த பிறகு இறக்க வேண்டும். ஊர் நடுவே உள்ள சிறிய படுகையில் கல்வாழை நடலாம். பூப்பதால் மக்கள் அதில் குப்பை கொட்டத் தயங்குகிறார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் நீரில் உப்பு கூடுதலாக இருக்குமாதலால், அங்கே ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் நாணலிலிருந்தே கன்று எடுப்பது நல்லது.

எங்கள் ஊரில் ஐப்பசியில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வருகிறது. படுகையை எங்கே தோண்டுவது?

தோண்ட வேண்டாம், எழுப்ப வேண்டும். தரைமட்டத்துக்கு மேலே கரை கட்டி, படுகையை மேடையாக அமைத்து, கழிவுநீரை ஒரு முறை பம்பு கொண்டு ஏற்றிவிட்டால், அதன்பின் படுகையின் அடித்தளத்துக்குக் கொடுக்கும் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான சரிவே நீரை நகர்த்தப் போதும். தரைக்குக் கீழே கட்டி நெகிழித் தாள் விரித்தால், மழைக்காலத்தில் ஊற்றுநீர் தாளை அடியிலிருந்து தூக்கிவிடும். பழுது பார்க்கப் படுகையை வெறுமையாக்கும் நாளில் தாள் பந்துபோல் உப்பி நிற்கும்.

களிமண் கனமாக உள்ள இடங்களில் அந்த மண்ணையே ஓரடிக்குத் திமிசு போட்டு இறுக்கித் தளமாக்கலாம். கோடையில் வெடிக்கும் மண்தான் என்றாலும், படுகை எப்போதும் ஈரமாக இருப்பதால் வெடிக்க வாய்ப்பில்லை. மணற்பாங்கான கடலோரத்தில் தாளைத் தவிர்க்க முடியாது. பக்கத்துக் கிணறுகள் கெட்டுப்போகும்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை மூன்று ஏற்பாடுகள் வேண்டும்: ஊரார் நினைவில் உள்ள வெள்ள மட்டத்துக்கு மேலே கரை, வெளியேறும் வாயில் வடிகால் நீர் பின்னோக்கி ஏறாதபடி ஒருவழிக் கதவு, மழைநீர் சாக்கடையோடு சேராத தனி வழி. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் படுகையின் மேல் விழும் நீரே ஏறத்தாழ இரண்டு நாள் கழிவுநீருக்குச் சமமாகிவிடும். ஊரின் மழைநீரும் சேர்ந்தால் அந்த வேகத்தில் வரும் சேறு ஜல்லியை அடைத்துவிடும் என்பதால், அந்நாட்களில் படுகைக்குப் போகும் வழியை ஓரளவு அடைத்து மிகுதியை விலக்கிவிட வேண்டியிருக்கும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் எல்லாம் ஆவியாகிவிடாதா?

மேலே சொன்ன அளவில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 57 லிட்டர் நீர் வருகிறது. அடர்ந்த நாணல் கடும் வெயிலில் 10 லிட்டர் வரை இழுத்து ஆவியாக்கலாம். ஆக, ஆறில் ஒரு பங்கு போகும். நீர் குறையும்போது கரைந்த உப்பு குறைவதில்லை, செறிவு ஏறும். உள்நாட்டு ஊர்களில் இது பொருட்டன்று. நிலத்தடி நீரே உவர்ப்பாக உள்ள கடைமடையில், பாசனத்துக்குக் கொடுக்குமுன் உப்பைச் சோதிக்க வேண்டும்.

வெளியே வரும் தண்ணீர் சட்டப்படி போதுமான அளவு சுத்தமாக இருக்குமா?

எதைச் சுத்தம் என்கிறோம் என்பதைப் பொறுத்தது. நன்றாக நடக்கும் படுகை பி.ஓ.டி.யில் 80 முதல் 90 விழுக்காட்டை நீக்கும். லிட்டருக்கு 175 மில்லிகிராமாக நுழைவது 20 முதல் 30 வரை இறங்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு 30 என்று வரம்பிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30 அன்று பிறப்பித்த ஆணை அதைவிடக் கடுமையானது, அதில் பி.ஓ.டி. 10 வரை இறங்குகிறது. ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தங்கள் ஊருக்கான இசைவாணையில் எந்த எண்ணை எழுதப்போகிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே வடிவமைக்க வேண்டும். 10 வேண்டுமென்றால் செங்குத்துப் படுகையை முன்னும் கிடைப் படுகையைப் பின்னுமாக இரு கட்டங்களாகக் கட்ட வேண்டும். அப்போது நைட்ரஜனும் கூடுதலாக நீங்கும். பாஸ்பரஸ் மட்டும், ஜல்லியின் பற்றும் திறன் தீர்ந்தபின், பெரும்பாலும் வந்தபடியே போகும்.

நோய்க்கிருமி விஷயத்தில் மக்கள் ஏமாறுவது அதிகம். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து வரும். ஆனால் படுகை, மலக்கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகளை நூறில் ஒன்றாகக் குறைத்தாலும், 100 மில்லிலிட்டரில் ஒரு கோடியாக வந்தது ஒரு லட்சமாகவே ஆகும். 2017 அறிவிக்கையின் வரம்போ 1,000. எனவே வெயில் படும்படி ஆழமற்ற கடைசிக் குளம் ஒன்றோ, குளோரின் தொட்டியோ கட்டாயம் வேண்டும். மேலே சொன்ன ஒரு வேலிக் கணக்கில் அக்குளத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தண்ணீரைக் குறுவைக்குப் பாய்ச்சலாமா?

தனியாகப் பாய்ச்சக் கூடாது, கலந்து பாய்ச்சலாம். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் நைட்ரஜன் எஞ்சியிருந்தால், ஓர் எக்டேருக்கு ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாயும் 10,000 கன மீட்டர் நீருடன் 250 கிலோ நைட்ரஜன் சேரும். நெல்லுக்குப் பரிந்துரைப்பது எக்டேருக்கு 120 முதல் 150 கிலோ வரைதான். மிகுதியால் பயிர் கருகருவென்று வளர்ந்து கதிர் முற்றும் முன்னே சாயும், குலைநோயும் புகையானும் வரும். ஆற்றுநீரையோ ஆழ்குழாய் நீரையோ பாதிக்குப் பாதி கலந்து, யூரியாவை ஏறத்தாழ நிறுத்திவிட்டு, கதிர் வரும் பருவத்தில் இந்நீரை விலக்கினால் செலவும் மிஞ்சும்.

புது தில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் தன் பூசா வளாகத்தில் நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் ஈரநிலம் அமைத்து, அந்நீரை வயல்களுக்குப் பயன்படுத்திவருகிறது. பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரி ஆகியவற்றுக்கு மட்டும், கடைசிக் குளத்தைக் கடந்த நீரானாலும், பாய்ச்ச வேண்டாம் என்பேன். தீவனப்புல், மூங்கில், தேக்கு ஆகியவற்றுக்குத் தடையில்லை.

மேட்டூர் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

மரபுப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுகிறார்கள்; மழை பொய்த்த ஆண்டுகளில் அதுவும் தள்ளிப்போகும். மூடியிருக்கும் நான்கரை மாதங்களில் பல வாய்க்கால்களில் ஓடுவது கழிவுநீர் மட்டுமே. நீர்த்துப்போக ஆற்றுநீர் இல்லாத அந்த மாதங்களில்தான் கரையோரக் கிணறுகளில் அது இறங்குகிறது, ஆடு மாடுகள் குடிக்கின்றன. வடிவமைப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குரிய காலமும் பங்குனியும் சித்திரையுமே. திறந்துவிட்ட பிறகு எடுக்கும் நீர் மாதிரியால் யாருக்கும் பயனில்லை. அடித்துக்கொண்டு போவதும் எங்கோ மறைந்துவிடுவதில்லை. கடைமடை ஊரின் மதகில் போய் நிற்கிறது.

அப்படியானால் வாய்க்காலுக்குள்ளேயே கல்லும் செடியும் வைத்துவிடலாமே?

நிலச் செலவு இல்லையென்பதால் இந்த யோசனை எளிதாகக் கைதட்டல் பெறும். பாசன வாய்க்காலில் குறுக்கே எதை வைத்தாலும் ஜூனில் முறைத் தண்ணீர் தடைபடும். வடிகாலில் வைத்தால் கார்த்திகை மழையில் மேட்டுத் தெருவும் மூழ்கும். ஊர்ச் சாக்கடை மட்டுமே ஓடும் அகலமான கால்வாயில், வெள்ளத்துக்குத் தனி வழிவிட்டு, கரையோரமாகச் சிறிய அளவில் செய்யலாம். அது ஓரளவு நாற்றத்தைக் குறைக்கும். மேலே சொன்ன வரம்புகளை எட்டாது.

சாயப்பட்டறைத் தண்ணீரையும் அரிசி ஆலைத் தண்ணீரையும் சேர்த்து விடலாமா?

திருபுவனம் பக்கத்துப் பட்டுச் சாயத்தையும் நாச்சியார்கோவில் பட்டறைகளில் உலோகம் கழுவிய நீரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. உலோகம் ஜல்லியிலேயே தங்கிவிடுவதால், பின்னாளில் அள்ளும் ஜல்லியும் கசடும் நஞ்சுக் கழிவாகிவிடும். சாயத்தின் நிறமோ பெரும்பகுதி அப்படியே வெளியேறும். நெல் அவிக்கும் ஆலையின் நீர் நஞ்சு அன்று, ஆனால் அதன் கரிமச் சுமை வீட்டுக் கழிவுநீரைப்போலப் பல மடங்கு; ஒரே ஆலை பாதி ஊரின் பங்கைத் தின்றுவிடக்கூடும். திருமண மண்டபங்களும் உணவகங்களும் எண்ணெய் பிடிக்கும் தொட்டி வைத்த பிறகே இணைப்புப் பெற வேண்டும். ஒரு முகூர்த்த நாளின் எண்ணெய் போதும், நுழைவாயில் ஜல்லி மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம் என்று சொன்னார்களே?

காற்றூதும் வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் கேட்கும். இங்கே ஏற்றும் பம்புக்கு மட்டுமே செலவு. ஆனால் ஆள் வேண்டாம் என்பது தவறு. வலையில் சேரும் குப்பையை நாள்தோறும் எடுக்க வேண்டும், நீர் எல்லா வாய்களிலும் சமமாக நுழைகிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும், தொட்டியில் கசடு மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது லாரி வைத்து உறிஞ்ச வேண்டும், நாணலை ஆண்டுக்கு ஓரிரு முறை அறுக்க வேண்டும். பத்தாயிரம் பேர் ஊருக்கு நிலையான இரண்டு பணியாளர்கள் போதும். அவர்கள் ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்கில் இடம் காலியாகக் கிடக்கும் பேரூராட்சி, படுகை கட்டாமலிருப்பதே நல்லது.

தஞ்சாவூர், கும்பகோணம் அளவு நகரங்களுக்கு இது ஆகுமா?

முழு நகரத்துக்கும் ஆகாது. லட்சம் பேருக்குப் பத்து வேலி என்ற கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்; 2002இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, பெற்ற அந்த இடம் 12,500 எக்டேர், அதுவும் தலைமுறைகளாக மீன் வளர்த்துவரும் குளங்களின் தொகுதி. நமக்கு ஒப்பிடத் தகுந்தது, ஈரநிலத்தைக் கொண்டு தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கும், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆர்க்காட்டா போன்ற சிறு நகரமே. பெருநகரங்களில், வழக்கமான நிலையத்திலிருந்து வரும் நீரை மேலும் மெருகேற்றவும், பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர் நகர்களுக்கும், மருத்துவமனை, விடுதி வளாகங்களுக்கும் படுகை பொருந்தும். புதுச்சேரியின் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் ஆரோவில்லிலும் இவ்வகை ஜல்லிப் படுகைகளை நேரில் காணலாம்.

எங்கள் படுகையின்மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வேறு செடி நட்டால் சரியாகுமா?

ஆகாது, இது செடியின் குற்றம் அன்று. முதலில் வெளியேறும் முனையில் உள்ள திருகுக் குழாயின் மட்டத்தை இறக்கிப் பாருங்கள். ஓரிரு நாளில் நீர் வடிந்தால், யாரோ மட்டத்தை ஏற்றி வைத்ததுதான் காரணம். வடியாவிட்டால், நுழையும் முனையிலிருந்து தொடங்கி மூன்று நான்கு இடங்களில் ஜல்லியைக் கிளறிப் பார்க்க வேண்டும். முன்முனையில் மட்டும் கறுப்புச் சேறு இருந்தால், அந்தச் சில மீட்டர் ஜல்லியை அள்ளிக் கழுவித் திரும்பப் போடலாம். அதற்குள் படுகையின் மற்றப் பாதிக்கு நீரைத் திருப்ப வழியிருக்க வேண்டும். கட்டும்போதே படுகையை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கட்டச் சொல்வது இந்த நாளுக்காகவே.

எல்லா இடத்திலும் ஒரே அளவு சேறும் கல்தூளும் இருந்தால், கழுவாத ஜல்லியைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைச் சலித்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. எப்படியிருந்தாலும் கசடுத் தொட்டியைத் திறந்து, கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு கழியை விட்டு அளந்து, அதை உறிஞ்சி எடுத்த பிறகே கழுவிய ஜல்லியைத் திரும்பப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த கோடைக்குள் அதே இடத்தில் மறுபடியும் தண்ணீர் நிற்கும்.